தீனித்தட்டின் கீழே

மறுபடியும் ஒரு வளை.

நேற்று மாலை கல்லும் ஓட்டுத் துண்டும் போட்டு அடைத்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஈரம் காயாத மண்ணைக் குவித்துவிட்டு, எலி தன் வேலையை முடித்துக்கொண்டு போயிருந்தது.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினாள். உள்ளே கணவர் எழுந்து ஜன்னலுக்கு வருவதற்குள் மூடிவிட வேண்டும். நகக்கண்ணில் மண் ஏறியது. அதைப் பார்க்க நேரமில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டு டீச்சர் கொடுத்த கெடு இன்று மாலையோடு முடிகிறது.

"கோவிச்சுக்காதீங்க அக்கா" என்றுதான் டீச்சர் அன்று மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தாள். "எலி எங்க பாத்ரூம் வழியா வந்து குழந்தை படுக்கற கட்டில் மேல ஏறுது. என் பொண்ணு இப்பதான் தவழ ஆரம்பிச்சிருக்கா. ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தத் தீனித்தட்டைக் கழட்டலேன்னா இவரு வந்து பிடுங்கி எறிஞ்சிடுவாரு. அப்பறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? தன் வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

ஆனால் அந்தத் தட்டை எப்படிக் கழற்றுவது?

தெருவில் எல்லோருக்கும் அவள் கணவர் 'டிரைவர்'தான். மழை பெய்த ஒரு காலையில் சைக்கிளில் வந்த ஒருவர் வழுக்கி, இவர் ஓட்டி வந்த பஸ்ஸின் சக்கரத்துக்கு முன்னால் விழுந்தார். டிரைவர் மேல் தப்பில்லை என்று விசாரணை முடிந்தது. அவருக்குள் நடந்த விசாரணைதான் முடியவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர், பிறகு எந்த வண்டியையும் தொடவில்லை. கேட்டால் ஒரு வார்த்தை. கேட்காவிட்டால் அதுவும் கிடையாது.

ஒருநாள் ஜன்னல் கம்பியில் ஒரு மைனா வந்து உட்கார்ந்தது. அவர் தட்டிலிருந்த ரொட்டியைக் கிள்ளி வைத்தார். மறுநாள் அவராகவே எழுந்து வந்து ஜன்னலில் நின்றார். அதற்கடுத்த வாரம் பழைய அலுமினியத் தட்டு ஒன்றை எடுத்து, மழைத்தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போட்டு, இரும்புக் குழாயின் உச்சியில் பொருத்தி, கொல்லையில் நட்டார். அவள் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

முதலில் வந்தது அணில். குழாயில் கிரீஸ் தடவினார்கள். ஒருநாள் வழுக்கி விழுந்த அணில், மறுநாள் மரக்கிளையிலிருந்து குதித்தது. கிளையை வெட்டினார்கள். மதிலிலிருந்து தாவியது. கடைசியில் அவர் குழாயைப் பிடுங்கிக் கொல்லையின் நடுவில் நட்டு, தகரத்தில் ஒரு கூம்பு செய்து பாதி உயரத்தில் கவிழ்த்து மாட்டினார். அணில் கூம்பு வரை ஏறியது. மேலே பார்த்தது. மானம் போனதுபோல் இறங்கிப் போனது.

அன்று அவர் சிரித்தார். வாய்விட்டு.

எலி அப்படியில்லை. அது எதற்கு ஏற வேண்டும்? குருவிகள் தின்பதைவிடச் சிந்துவதுதான் அதிகம். சிந்தியது தரைக்கு வந்தது, தரைக்கு எலி வந்தது. தட்டுக்கு அடியில் வலை கட்டினாள். தினமும் பெருக்கினாள். இருட்டும் முன் தட்டை உள்ளே எடுத்து வைத்தாள். தானியத்தை மூடி போட்ட டின்னில் அடைத்தாள். பறவைக்குக் காரம் உறைக்காது, எலிக்கு உறைக்கும் என்று யாரோ சொல்ல, மிளகாய்த்தூள்கூடக் கலந்து பார்த்தாள். இந்த வீட்டு எலிகளுக்குக் காரம் பிடித்துப்போனதுதான் மிச்சம்.

"மறுபடி வளையா?"

பின்னால் நாத்தனாரின் குரல். கணவருக்கு மூத்தவள். பெண்கள் ஹாஸ்டலில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பியைப் பார்த்துக்கொள்ளப் போன மாதம் வந்தவள், இன்னும் மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவாள்.

"மெதுவா பேசுங்க அண்ணி."

"ஏன், எலி முழிச்சுக்குமா?"

"அவரு முழிச்சுக்குவாரு."

நாத்தனார் குரலைத் தணித்தாள். "இன்னிக்குக் கழட்டறியா இல்லியா? குழந்தை இருக்கற வீடும்மா அது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்ப?"

"கம்பி வலை வாங்கிட்டு வரேன் அண்ணி. குழாயச் சுத்தித் தரையில பதிச்சு மேல மண்ணு போட்டா எலியால தோண்ட முடியாதாம். இன்னும் ஒரே ஒரு வாரம் டீச்சர்கிட்ட கேட்டுப் பாக்கறேன்."

"ஒரு வாரம், ஒரு வாரம்னு இழுத்துக்கிட்டே போ. மனுஷன் பெருசா, குருவி பெருசா?"

"இந்த வீட்டுல ரெண்டும் ஒண்ணாத்தான் அண்ணி இருக்கு. தட்டை எடுத்தா அவரு திரும்பப் போய்ச் சுவத்தப் பாத்துப் படுத்துக்குவாரு. அது எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. அப்ப நீங்க இங்க இல்ல."

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்த் தைத்தது என்று தெரிந்தது. நாத்தனார் உள்ளே போய்விட்டாள்.

கடையிலிருந்து வலைச்சுருளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் திரும்பியபோது டீச்சர் வாசலில் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. வலையைக் கண்டதும் அது கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்று சிரித்தது.

"விடுடி, கையக் கிழிச்சிடும்." டீச்சர் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "இது எதுக்கு அக்கா?"

அவள் சொன்னாள். ஒரு வாரம் கேட்டாள். கெஞ்சுகிற குரல் தனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் கெஞ்சினாள்.

டீச்சர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க கஷ்டம் தெரியாம இல்ல. அவரு ஊர்ல இல்ல, காரைக்கூட விட்டுட்டு ரயில்ல போயிருக்காரு. ராத்திரி வந்தா முதல்ல கொல்லையைத்தான் எட்டிப் பாப்பாரு. என்னால அவருக்குப் பதில் சொல்ல முடியாது. நீங்களே கழட்டிடுங்க அக்கா."

கேட்க வேறு எதுவும் மிச்சமில்லை. தோளில் கைப்பையும் வலையுமாக அப்படியே பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனாள். வலையைக் கீழே போட்டாள்.

காலையில் மூடிய வளையின் மேல் ஒரு தட்டைக் கல் இருந்தது. அவள் வைத்ததல்ல. புரட்டினாள். பிஸ்கெட் தூளில் பிடித்த சின்னச் சின்ன உருண்டைகள். கருப்பாக ஏதோ கலந்து, மூக்கில் ஏறும் நெடி.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். எலி மருந்து தின்றவர்களின் ரத்தம் அவள் கை வழியாகப் போயிருக்கிறது.

"அண்ணி! இது என்ன?"

நாத்தனார் பின்வாசல் படிக்கு வந்தாள். "எலி மருந்து. ஹாஸ்டல்ல இதத்தான் வைப்போம். ஒரே நாள்ல சுத்தம்."

"பறவைங்க கீழ இறங்கிப் பொறுக்கும் அண்ணி!"

"அதுக்குத்தானே கல்லுக்கு அடியில வச்சேன்? குருவி கல்லத் தூக்கியா திங்கப்போகுது?" குரலில் அதிகாரம் இருந்தது. கண்ணில் இல்லை. "எலி போயிட்டா டீச்சர் வாய மூடிக்குவா. தட்டும் இருக்கும், என் தம்பியும் இருப்பான். எனக்கு வேற வழி தெரியலம்மா."

அவள் பிளாஸ்டிக் பையைக் கையில் உறையாக மாட்டிக்கொண்டு உருண்டைகளைப் பொறுக்கினாள். "வேற எங்க வச்சீங்க? காட்டுங்க."

குளியலறை ஓரம். மரத்தடி. நாத்தனார் ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டே வந்து மதிலோரத்தில் நின்றாள். அங்கிருந்த கல் நகர்ந்திருந்தது.

"இங்க வச்சதக் காணோம்."

"காணோம்னா?"

"எலி தின்னிருக்கும். அதுக்குத்தானே வச்சோம்."

மருந்துப் பாக்கெட் துணி துவைக்கும் கல்லின் மேல் வாய் திறந்து கிடந்தது. அவள் அதை மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். "என்னக் கேக்காம எப்படி வச்சீங்க? இன்னிக்குச் சாயங்காலம் நானே கழட்டத்தான் போறேன். கழட்டாம எங்க போறது? அதுக்குள்ள உங்கள யாரு இந்த விஷத்தை..."

நாத்தனாரின் பார்வை அவளைத் தாண்டிப் போயிருந்தது. அவள் திரும்பினாள்.

பின்வாசலில் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

"கழட்டிடு" என்றார்.

கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரையும் இறங்கச் சொல்வதுபோல் ஒரு குரல். சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பின்னாலேயே ஓடினாள். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தார். முட்டி மடங்கி, கை இரண்டும் தொடைக்கு நடுவில். அவள் எதைத் தடுக்க இத்தனை மாதம் அணிலோடும் எலியோடும் மல்லுக்கு நின்றாளோ, அது நடந்துவிட்டது.

"என்னங்க... இங்க பாருங்க. வேற எங்கயாவது வைக்கலாம். மொட்டை மாடியில வைக்கலாம். திட்டவாவது திட்டுங்க. ஒரு வார்த்தை."

முதுகு அசையவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்து கட்டில் காலில் தலையைச் சாய்த்தாள். அழக்கூட வரவில்லை.

அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த அலறல் கேட்டது.

எப்படி எழுந்தாள், எப்படி டீச்சர் வீட்டுப் பக்கக் கதவைத் தள்ளினாள் என்பதெல்லாம் பிறகு யோசித்தபோது அவளுக்கு நினைவில்லை. கொல்லைப்படியில் டீச்சர் மண்டியிட்டிருந்தாள். மடியில் குழந்தை. அதன் உதட்டோரத்தில் கருப்பாகத் தூள். மூடிய கைக்குள்ளும் அதே கருப்பு. படிக்குப் பக்கத்தில், இரண்டு கொல்லைக்கும் பொதுவாக மதிலில் விட்டிருந்த தண்ணீர்ப்போக்கு ஓட்டை. அதன் வாயிலிருந்து படி வரை பிஸ்கெட் தூள் சிந்திக் கிடந்தது.

எலி தின்னவில்லை. இழுத்துக்கொண்டு வந்து போட்டிருந்தது.

"மண்ணைத் தின்னுட்டாளா, என்னன்னு தெரியலியே! தண்ணி... தண்ணி குடுக்கட்டுமா அக்கா?"

"வேணாம்! நாமளா எதையும் குடுக்கக் கூடாது." கையில் கிடைத்த துண்டால் குழந்தையின் வாயைத் துடைத்தாள். குழந்தை திமிறியது. "எலி மருந்து மாதிரி இருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வண்டிகள் எல்லாம் வெளியே போயிருக்கின்றன, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். எதிர் வீடு பூட்டிக் கிடந்தது. நாத்தனார் வீடு வீடாக மணியை அழுத்திக்கொண்டு ஓடினாள். ஞாயிறு மதியம். கதவைத் திறந்தவர்களிடம் வண்டி இல்லை, வண்டி இருந்தவர்கள் வீட்டில் இல்லை.

"கார் நிக்குது, சாவி இருக்கு, ஓட்ட ஆளில்லையே!" டீச்சர் தெருவில் நின்று கத்தினாள். "யாராவது வாங்களேன்!"

"சாவி" என்றது ஒரு குரல்.

டிரைவர். காலில் செருப்பில்லை. சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

டீச்சர் சாவியை அந்தக் கையில் வைத்தாள்.

பின்சீட்டில் குழந்தையோடு டீச்சரும் பக்கத்தில் அவளும். கார் தெருவைத் தாண்டியது. அவர் ஓட்டுவதை அவளால் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஆயிரம் முறை பஸ்ஸைத் திருப்பிய கை, இந்தச் சின்ன ஸ்டீயரிங் வட்டத்தைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்திருந்தது. பிடரியில் வியர்வை ஓடியது. ஒவ்வொரு சந்தின் வாயிலும் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

கடைத்தெரு திருப்பத்தில், முன்னால் ஒரு சைக்கிள் தடுமாறியது.

கார் குலுங்கி நின்றது. அவ்வளவுதான். அதற்கு மேல் நகரவில்லை. அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் மேல் ஹாரனாக அடித்தன.

"அண்ணா, போங்க அண்ணா! கண்ணு சொருகறா!" டீச்சர் அலறினாள்.

அவள் முன்னால் சாய்ந்து அவர் தோளைத் தொட்டாள். "சைக்கிள்காரரு போயிட்டாரு. பத்திரமாப் போயிட்டாரு. ரோடு காலியா இருக்கு. நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது பக்கம். பிறகு கியரைப் போட்டார்.

டீச்சர் குழந்தையின் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "எங்கேந்து வந்துச்சுன்னே தெரியலியே அக்கா. குழந்தை இருக்கற வீடுன்னு நாங்க எலி மருந்தே வாங்கல. எலிப்பொறிகூட உயரத்துலதான் வைப்போம்."

கைப்பை அவள் மடியில்தான் இருந்தது. பாக்கெட் உள்ளே சரசரத்தது. சொல்லிவிடு என்றது மனசு. இப்போது சொன்னால் இவள் இங்கேயே உடைந்துபோவாள், வண்டி ஓட்டுகிறவரும் சேர்ந்து உடைந்துபோவார் என்றது அதே மனசு. டீச்சர் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அவள் கையைக் கொடுத்தாள். வாயைத் திறக்கவில்லை.

அவசரப் பிரிவில் டாக்டர் குழந்தையை வாங்கிக் கட்டிலில் கிடத்திக்கொண்டே கேட்டார்: "என்ன மருந்து? பேரு தெரியுமா? அதுல ரெண்டு மூணு வகை இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற சிகிச்சை."

"தெரியாது டாக்டர். எங்க வீட்டுல அது கிடையவே கிடையாது" என்று டீச்சர் அழுதாள்.

ஒரு கை இன்னும் டீச்சரின் பிடியில் இருந்தது. மற்றக் கையால் அவள் கைப்பையைத் திறந்தாள். ஜிப் பாதியில் சிக்கியது. பல்லைக் கடித்து இழுத்து, பாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

"இதுதான் டாக்டர்."

டாக்டர் பின்பக்கத்தைப் படித்தார். "நல்லவேளை, கையோட கொண்டு வந்தீங்க." திரை இழுபட்டது.

டீச்சரின் விரல்கள் அவள் கையிலிருந்து மெல்லக் கழன்றன.

"அது உங்ககிட்ட எப்படி?"

அண்ணி என்று சொல்வதா? நான் என்று சொல்வதா?

"எங்க வீட்டுதும்மா" என்றார் டிரைவர். சுவரோரம் நின்றிருந்தவர் முன்னால் வந்தார். "என் தட்டுக்காக வச்சது. எலி இழுத்துட்டு வந்துடுச்சு."

வெளியாள் ஒருவரிடம் இத்தனை மாதத்தில் அவர் முழுதாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். நடந்துபோய் பெஞ்சின் கடைக்கோடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

வெகு நேரம் கழித்து டாக்டர் வந்தார். "உள்ள ரொம்பப் போன மாதிரி தெரியல. பெரும்பாலும் கையிலயும் உதட்டுலயும்தான் இருந்திருக்கு. ஆனா இந்த மருந்து கொஞ்சம் தாமதமாத்தான் வேலையக் காட்டும். காலையில வரைக்கும் எதையும் உறுதியாச் சொல்ல முடியாது. பக்கத்துலயே இருங்க."

அவள் வராந்தாவுக்கு வந்து நாத்தனாருக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தபோது அணைந்திருந்தது. மூலை வீட்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"உங்க வீடு திறந்தபடியே கிடக்கும்மா. நானும் உள்ள போய்ப் பாத்துட்டேன், உங்க நாத்தனார் இல்ல. செருப்புகூட வாசல்லதான் இருக்கு. 'குழந்தையக் கொன்னுட்டேன், குழந்தையக் கொன்னுட்டேன்'னு சொல்லிக்கிட்டே போனாங்களாம். எந்தப் பக்கம் போனாங்கன்னு யாருக்கும் தெரியல."

போனை இறக்கியபோது கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்கும் கேட்டிருந்தது. முகம் வெளிறியது. அவள் பயந்தாள். சுவரைத் தேடப்போகிறார், இங்கேயே ஏதாவது ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடப் போகிறார்.

அவர் நேரே பெஞ்சுக்குப் போனார். டீச்சருக்கு முன்னால் நின்று சாவியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"உன் வண்டி வேணும்மா. கேக்கறதுக்கு எனக்கு முகமில்ல. எங்க அக்காவைத் தேடணும். குழந்தை உசுரோட இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது."

டீச்சர் கண்ணைத் திறந்தாள். சாவியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். திரைக்குப் பின்னால் குழந்தை வீறிட்டு அழுதது. இந்த ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகு அது அழுத முதல் அழுகை. டீச்சர் துள்ளி எழுந்து திரையை நோக்கி ஓடினாள். ஓடிக்கொண்டே, திரும்பாமல், சாவி இருந்த கையை அவர் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டாள் அவள்.

"நீ இரு. டீச்சரோட புருஷன் வர்ற வரைக்கும் அவங்க தனியா இருக்கக் கூடாது." பித்தானைக் கழற்றிச் சரியான துளையில் போட்டுக்கொண்டார். "திட்டுனா வாங்கிக்க."

படியில் வெறுங்காலோடு அவர் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் ஜன்னலுக்குப் போகவில்லை. கார் கிளம்பும் ஒலிக்காக மட்டும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். கிளம்பியது. ஒரு நொடி நின்றது. பிறகு சீராகப் போயிற்று.

அவள் பெஞ்சின் இந்தக் கோடியில் உட்கார்ந்தாள். அந்தக் கோடி டீச்சருக்காகக் காலியாக இருந்தது.